முன்னறை ஃப்ரிட்ஜில் மேனேஜர்

தையலக்காவின் முன்னறையில், தையல் மெஷினுக்கும் ஆளுயரக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அதற்குள் பால் கிடையாது, காய்கறி கிடையாது. தண்ணீர் பாட்டில் நாலைந்து, ஒரு தெர்மாமீட்டர், மண் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் ஓர் ஆமை தூங்குகிறது. குளிர்காலம் முழுக்க அதற்கு இதே வேலைதான்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தாகமெடுக்கிறது என்று உரிமையோடு கதவைத் திறப்பார்கள். அடுத்த நொடி வீலென்று ஒரு கத்தல்.

"ஐயோ அக்கா, உள்ள என்னமோ செத்துக் கிடக்கு!"

"சாகல, தூங்குது. முதல்ல கதவை மூடு."

"ஃப்ரிட்ஜுக்குள்ளயா? பாவம், விறைச்சுடாதா?"

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். 'உள்ளே ஆமை தூங்குகிறது' என்று எழுதிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். அதைப் படித்துவிட்டு, நிஜமா என்று பார்ப்பதற்காகவே திறக்க ஆரம்பித்தார்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

ஆமைக்குப் பெயர் மேனேஜர். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் உள்ளங்கை அளவில் வந்து சேர்ந்த ஆமை அது. "தான் ஒரு வேலையும் செய்யாது, ஆனா நடந்து வந்தா எல்லாரும் வழிவிடணும்" என்று பெயர் வைத்தவர் அவள் கணவர். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்காத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தையலக்காதான் பேசுவாள்.

முன்பெல்லாம் இந்த ஃப்ரிட்ஜ் தொல்லை இல்லை. குளிர் வந்தால் குளிராக இருக்கும். மேனேஜரைப் பெட்டியோடு பால்கனியில் வைத்து மூடிவிட்டால், வெயில் வரும்போது தானாக எழுந்து பெட்டியைப் பிறாண்டுவார். இப்போது குளிர்காலத்துக்கே புத்தி கெட்டுவிட்டது. ஒரு வாரம் நடுங்க வைக்கும். அடுத்த வாரம் ஸ்வெட்டரைக் கழற்றி வீசச் சொல்லும். இரண்டு வருடத்துக்கு முன்னால், இந்தக் கூத்தில் மேனேஜர் ஒரே குளிர்காலத்தில் மூன்று தடவை எழுந்துவிட்டார். எழுந்தவர் சாப்பிடவும் இல்லை. தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டி மாதிரி லேசாக இருந்தார்.

"குளிர் இதைக் கொல்லாதும்மா. நல்ல குளிர்ல இதயம் எப்பவோ ஒரு தடவைதான் துடிக்கும், அதனால செலவே இல்லை" என்றார் ஆமைகளைப் பார்க்கிற டாக்டரம்மா. "இந்த ரெண்டுங்கெட்டான் வெயில்தான் ஆபத்து. உடம்பு முழிச்சுக்கும், சேத்து வச்ச கொழுப்பைக் கரைக்கும். ஆனா தின்னா செரிக்கிற அளவுக்குச் சூடு இருக்காது. ஒரே சீரா அஞ்சு டிகிரியில வைங்க. ஃப்ரிட்ஜுலயே வைக்கலாம்."

நல்ல ஆலோசனைதான். அந்த ஃப்ரிட்ஜை நடுவீட்டில் வைத்துக்கொண்டு மாரடிப்பது டாக்டரம்மாவா?

மாரடிப்பது தையலக்கா. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து காற்று மாற்ற வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. பெட்டியில் ஈரம் இருக்கிறதா, தூக்கத்திலேயே மூத்திரம் போய் உடம்பு வற்றிவிட்டதா என்றுகூடப் பார்க்க வேண்டும். "பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்க்கலை" என்று அலுத்துக்கொள்வாள். சொன்ன பிறகு முகம் சுருங்கிவிடும்.

ஏனென்றால் பெற்ற பிள்ளை அவளோடு பேசுவதில்லை. போன வருடம் மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. தனியாகப் போகக் கூடாது என்று இவள் குதித்தாள். போயே தீருவேன் என்று அவள் நின்றாள். பெட்டி கட்டிய அன்று ஆத்திரத்தில், "போறதுன்னா இந்த வாசப்படியை மறந்துட்டுப் போ" என்று தையலக்கா சொல்லிவிட்டாள். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். அதை அப்படியே பிடித்துக்கொள்வதா? மகள் பிடித்துக்கொண்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் தையலக்காவுக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவின் போனுக்குக் கூப்பிடுவாள். அவர் ஸ்பீக்கரில் போடுவார்.

"அப்பா, மேனேஜர் எப்படி இருக்கார்? எடை எவ்வளவு?"

அவருக்கு என்ன தெரியும்? மனைவியைப் பார்ப்பார். தையலக்கா மெஷினை நிறுத்தாமல், சுவரைப் பார்த்து எண்ணைச் சொல்லுவாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். "சரிப்பா, வச்சுடறேன்." அவ்வளவுதான் பேச்சு.

"அம்மா இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை உண்டா? ஆமையோட எடை வேணுமாம் அவளுக்கு!"

"கேட்டா நீ ஒழுங்கா பேசிடுவியா?" என்பார் கணவர்.

பேசமாட்டாள்தான். ஆனாலும் அந்தக் குரல் வாரத்துக்கு ஒருமுறை இந்த அறைக்குள் வருவது ஆமையை முன்னிட்டு. மேனேஜர் போய்ச் சேர்ந்தால் அதுவும் நின்றுவிடும் என்று தையலக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை முணுமுணுப்போடும் கதவு தவறாமல் திறந்து மூடப்பட்டது.

இந்த வருடம் குளிர்காலத்தின் நடுவே மறுபடியும் வெயில் பல்லிளித்தது. முன்னறை வெந்தது. தெர்மாமீட்டர் ஐந்திலிருந்து எட்டுக்கு வந்தது, பிறகு ஒன்பது. பெட்டிக்குள் ஒரு கால் அசைந்தது.

"ஏங்க, ஏறுதுங்க. என்னன்னு பாருங்க."

"பாக்கறேன்."

"காலையிலயும் இதைத்தான் சொன்னீங்க. ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜுன்னா ஓடறீங்க. இந்த வீட்டுல நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தணும்!"

அன்று முழுக்க அலைந்து களைத்து வந்த மனிதர். எழுந்துபோய், ஃப்ரிட்ஜில் குளிரைக் கூட்டும் திருகை ஒரேயடியாகக் கடைசிவரை திருகினார். "இந்தா, போதுமா?" என்றார். போய்ப் படுத்துவிட்டார். தொழில் தெரிந்தவர் கை வைத்துவிட்டாரே என்று இவளும் அதோடு விட்டுவிட்டாள்.

விடிவதற்குள் வானிலை புரண்டது. வெளியே நிஜக் குளிர் இறங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தாள்; பாட்டில்களில் தண்ணீர் உறைந்து கிடந்தது. தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது.

"பாவி மனுஷா, எழுந்து வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணவர் போர்வையோடு ஓடி வந்தார். பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. திட்டலாம் என்று வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். எரிச்சலாக இருந்தது. நிம்மதியாகத் திட்டக்கூட வழியில்லை.

டாக்டரம்மா சொன்னபடி அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேனேஜர் சாகவில்லை. கால் அசைத்தார், கழுத்தை நீட்டினார், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் குடித்தார். ஆனால் எதிரே வைத்த கீரையைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டினார். திரும்பினார். மறுபடி முட்டினார்.

"உறைபனி கண்ணைத் தாக்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "பார்வை திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம். இப்போதைக்குச் சாப்பாட்டை வாய்க்கிட்ட கொண்டுபோய்க் கொடுங்க. தானா சாப்பிட ஆரம்பிச்சாத்தான் பிழைக்கும்."

நாள் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கீரையை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. தைக்க வேண்டிய துணி குவிந்தது. "அக்கா, என் பிளவுஸ்?" என்று வந்தவளிடம், "மேனேஜர் சாப்பிடட்டும், அப்புறம் வா" என்றாள். வந்தவள் எந்த மேனேஜர் என்று புரியாமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. போன் அடித்தது. கணவர் எடுக்கவில்லை.

"போன வார எடையையே சொல்லிடலாமா?" என்றார். குரல் கெஞ்சியது. "அவளுக்குத் தெரிஞ்சா என்கூடவும் பேசமாட்டாடி."

அதுவும் நடக்கும். அந்தப் பெண் செய்யக்கூடியவள்தான். பிறகு இந்த மனிதர் யாரிடம் போய் நிற்பார்? தையலக்கா எழுந்து வந்து போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அப்பா?"

"அப்பா இல்ல. நான்தான்."

மகள் வைத்துவிடுவதற்குள் சொல்லி முடிக்க அவசரப்பட்டாள்.

"மேனேஜருக்குக் கண்ணு தெரியலை. ஃப்ரிட்ஜ் உறைஞ்சுபோச்சு. நான்தான் திருகிட்டேன். சூடு ஏறுதேன்னு கடைசிவரைக்கும் திருகிட்டேன். உங்க அப்பா வீட்டுலயே இல்லை."

கணவர் என்னவோ சொல்ல வந்தார். கையைக் காட்டி அடக்கினாள். எப்படியும் தன்னோடு பேசாதவள். இனி தன்னிடம் இழக்க என்ன இருக்கிறது? அவருக்காவது மிஞ்சட்டும்.

அப்புறம் ஆரம்பித்தது. "உன்கிட்ட விட்டுட்டு வந்தது என் தப்பும்மா! தெரியலைன்னா தொடாம இருக்கணும். எதையுமே உனக்குக் கசக்கிப் பிழியாம விடத் தெரியாதா? என்னையும் இப்படித்தான் பண்ண!" என்று மகள் கத்தினாள். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி கத்தினாள். தையலக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நாளாயிற்று இந்தப் பெண் அம்மா என்று கூப்பிட்டு! திட்டித் தீர்க்கட்டும், நின்றுவிடாமல் இருந்தால் சரி.

"என்ன சத்தத்தையே காணோம்? அவருக்கு என்ன கொடுக்கற?"

"கீரை."

"கண்ணு தெரியாதவருக்குக் கீரையைக் காட்டினா? வாசனை வேணும்மா! தக்காளி இருக்கா? நசுக்கி மூக்குக்கிட்ட வை. நான் லைன்லயே இருக்கேன்."

கணவர் ஓடிப்போய்த் தக்காளி கொண்டுவந்தார். தையலக்கா நசுக்கினாள், நீட்டினாள். மகள் அந்தப் பக்கம் திட்டிக்கொண்டே இருந்தாள். வாசப்படி விஷயம் வந்தது, பெட்டி கட்டிய நாள் வந்தது, இவள் மறந்தே போன பழசெல்லாம் வந்தது.

"ஆ! கடிச்சுட்டான் சனியன்!"

"என்னம்மா? யாரு?"

"உன் மேனேஜர்தான்! விரலோட சேத்துக் கவ்விட்டான். விடமாட்டேங்கறான். ஏய், விடுடா!"

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. வெகுநேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் விரலை விட்டுவிட்டுத் தக்காளியை மென்றார். தையலக்கா கையை உதறிக்கொண்டு காத்திருந்தாள்.

"நாளைக்கு மறுபடி பண்றேன்" என்றாள் மகள். "அப்பாகிட்ட கொடுக்காத. நீயே எடு."

"ஏன்? திட்டறதுக்கு இன்னும் மிச்சமிருக்கா?"

"நிறைய இருக்கு."

"சரி. பண்ணு."