மூன்றாவது வரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தேன். நான் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க, சிதம்பரத்திலிருந்து கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு ரயிலில் போனேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் லேப்டாப், காதில் செருகிய பென்சில். எதைப் படித்தாலும் உதடு அசையப் படித்தாள், என்னைப் போலவே.

என்னம்மா என்று கேட்டேன். முகம் தெரியாத யாரோ லேப்டாப் வழியாக அவளிடம் உதவி கேட்கிறாராம். நூறு போட்டோவுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்ற அவர் எழுதிய புரோகிராம் ஓடவில்லையாம். அவள், "மூணாவது வரியப் பாருங்க" என்று மட்டும் பதில் அடித்தாள்.

"முழுசா எழுதிக் குடுத்தா கை தேஞ்சிடுமா?" என்றேன்.

"அவரு எழுதுனது ஆயா, அவரே சரி பண்ணட்டும். அடுத்த தடவ என்னத் தேட மாட்டாரு."

சற்று நேரத்தில், ஓடிவிட்டது என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

"சரி, என் மனுவையாவது எழுதிக் குடும்மா."

"மொதல்ல நீங்க எழுதுனதக் காட்டுங்க."

நான் எழுதியிருப்பேன் என்று எப்படித் தெரிந்ததோ! இடுப்பில் மடித்துச் செருகியிருந்த தாளை வெட்கத்தோடு நீட்டினேன். படித்துவிட்டு ஒரு வரியின் கீழே விரலை வைத்தாள்.

"படிக்கிறவருக்கு இது எந்தத் தெருன்னு தெரியுமா?"

பென்சிலைக் கொடுத்தாள். கடலூர் வருவதற்குள் தெருப் பெயரை நானே எழுதிச் சேர்த்தேன். மறுவாரம் குழாயைப் பார்க்க ஆள் வந்தது.

அவள் பெயரைக் கேட்காமலே இறங்கிவிட்டேன். பென்சிலும் என்னோடு வந்துவிட்டது. இதையும் அதில்தான் எழுதினேன்.

பேத்தியே, இதைச் சத்தமாகப் படி. புரியாத இடத்தில் விரலை வை. பென்சிலை மட்டும் தொடாதே.