அண்ணிக்கு நான் வைத்த பெயர்

என் சமையலறை மேடைக்கு அடியில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால், புளி போட்டு விளக்குவேன். இப்போதெல்லாம் அதுவும் முடிவதில்லை. கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். குடத்தின் கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாகத் தட்டி ‘பாவாயி’ என்று பெயர் வெட்டியிருக்கும். சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். பார்க்கிறவர்கள் உங்கள் அம்மா கொடுத்ததா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். என் அம்மாவின் பெயர் பாவாயிதான். ஆனால் குடம் அம்மாவுடையது இல்லை, என் அண்ணியுடையது. அண்ணியின் பெயரும் பாவாயி. என் கல்யாணத்துக்குச் சாமான் கட்டியபோது இரண்டு பாவாயிகளின் பாத்திரங்களும் கலந்து கிடந்ததில் அண்ணியின் குடம் என்னோடு வந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குப் பக்கம். கிணற்றை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற மேட்டு நிலம். அண்ணி மோகனூர்க்காரி, காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். எல்லாருக்கும் புரியட்டும் என்று இங்கே அண்ணி என்றே எழுதுகிறேன். ஐம்பதுகளின் நடுவில் அவள் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. பெண் பார்க்கப் போன பெரியவர்கள் நிலம் நீச்சு, நகை நட்டு எல்லாம் விசாரித்தார்கள். மாமியாருக்கும் வரப்போகிற மருமகளுக்கும் ஒரே பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. “அதுக்கென்ன, ஊட்டுக்கு வந்தப்பறம் பாத்துக்கலாம்” என்று விட்டுவிட்டார்கள்.

வந்த மூன்றாம் நாளே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்ணியோடு துணைக்கு வந்திருந்த அவள் சிநேகிதி, களத்து மேட்டிலிருந்து, “ஏ பாவாயி! அங்கயே என்ன புள்ள பண்ற, இங்க வா!” என்று ஒரு சத்தம் போட்டாள். முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலைக்கு வந்திருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம், “நாளைக்கு எம்பையன் கோவத்துல அவள வாடி போடிங்கறான்னு வெச்சுக்கங்க, பேரு யாருதுங்க? எம்பேரு. பெத்த ஆத்தாளப் பேரு சொல்லி வைய்யறாப்பல இருக்காதுங்களா?” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமியார் பெயர் மருமகளுக்கு இருந்தால் மருமகளின் பெயரைத்தான் மாற்றுவார்கள். அது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அக்கிரமம் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். கன்றுக்குட்டிகளுக்கெல்லாம் பெயர் வைப்பது நான்தான். நாலு அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாகப் பிறந்து, என்ன சொன்னாலும் சிரிக்க ஆள் இருந்ததால் வாய் நீண்டுவிட்ட பிள்ளை. “உங்க நங்கைக்கும் ஒரு பேரு வெய்யி அம்மிணி” என்றார். நான் யோசிக்கவே இல்லை. “நெட்டச்சி” என்றேன். அண்ணி நல்ல உயரம்; அண்ணனைவிட நாலு விரல்கடை கூட. அதை வீட்டில் எல்லாரும் கவனித்திருந்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலிருந்தார்கள். நான் சொன்னதும் வீடே அதிரச் சிரித்தது. அம்மாகூடச் சிரித்தாள். அண்ணி சொம்பும் கையுமாகக் கதவோரம் நின்றாள், அவளும் சிரித்தாள். பிடித்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்த் தூங்கிவிட்டேன்.

விளையாட்டாக வைத்தது இரண்டு மாதத்தில் ஊர்ப் பெயராகிவிட்டது. கிணற்றடியில் நெட்டச்சி, கடையில் நெட்டச்சி, களையெடுக்கிற இடத்தில் நெட்டச்சி. ஓட்டுப் பட்டியல் எழுத வந்த வாத்தியார், மரியாதை தெரிந்தவர், ‘நெட்டம்மாள்’ என்று எழுதிக்கொண்டு போனார். அப்புறம் ரேஷன் கார்டிலும் அதுவே ஏறியது. அண்ணனுக்குத்தான் அந்தப் பெயர் ஆகவே ஆகாது. அவளைக் கூப்பிடும்போதெல்லாம் தன் உயரமும் நினைவுக்கு வரும்போல. “இந்தா”, “ஏய்” என்பதோடு நிறுத்திக்கொண்டான். சந்தைக்குப் போனால் பத்தடி முன்னால் நடப்பான். அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கூன ஆரம்பித்தாள். இருபத்தைந்து வயதுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள். தண்ணீர்க்குடம் சுமந்து கூன் விழுந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஓர் ஆடிப் பதினெட்டுக்கு அவள் என்னையும் மோகனூருக்குக் கூட்டிப் போனாள். நாமக்கல்லில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய் இறங்கினோம். தெரு முனையில் முறுக்கு விற்கிற கிழவி, “ஆரு, நம்ம பாவாயியா? வா சாமி, வா” என்றாள். அடுத்த வீட்டு வாசலில் ஒருத்தி, “பாவாயி, எளச்சுப் போயிட்டியே புள்ள!” என்றாள். ஆற்றில் காப்பரிசி விடப் போனபோது அக்கரையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி அவள் அம்மா, “பாவாயி, பாத்து எறங்கு, வழுக்கும்” என்று கத்தினாள். இரண்டு நாள் அந்த ஊரில் அந்தப் பெயர் அப்படிப் புழங்கியது. அந்த இரண்டு நாளும் அண்ணி நிமிர்ந்து நடந்தாள். நான் அவளை அண்ணாந்து பார்த்துப் பேசினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே, “எங்கம்மா உசுரோட இருக்கற வரைக்கும் வருசத்துக்கு ரெண்டு நாள் எனக்குப் பேரு இருக்கும் அம்மிணி” என்றாள். முகத்தில் கோபமில்லை. எனக்குத் தூக்கம் வந்ததால் நான் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

எனக்கு என் பெயர் பிடித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே அதே பெயரில் நாலு பேர் இருந்தோம். வாத்தியார் கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்து நிற்போம். இப்போது என் பேத்தி தன் குழந்தைக்கு உலகத்தில் யாருக்குமே இல்லாத பெயராக வேண்டும் என்று இரண்டு மாதமாகச் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள். தேடட்டும். அண்ணியைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் அலுத்து விட்டுவிட்டேன். பெயர் பிடிக்கவில்லை என்று சலித்துக்கொள்வதற்குக்கூட அது முதலில் நம் கையில் இருக்க வேண்டுமே. எனக்கு இருந்தது. சேலத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் என் பெயரில் யாரும் இல்லை. யாரும் அதைத் தொடவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், அம்மா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணி அண்ணனிடம், “இனிமே என்னையப் பேரு சொல்லியே கூப்புடலாமல்லங்க?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா எப்போது போவாள் என்று காத்திருந்தாயா என்று அண்ணன் அவளை அடிக்காத குறையாகப் பேசியிருக்கிறான். அவள் அப்படிக் காத்திருக்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தவள் அவள்தான். நான் பார்க்க வந்தேன், அழுதேன், பஸ் ஏறினேன். இரண்டு பையன்களுக்குப் பிறகு அப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆத்தாளே வந்து பிறந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்று யாரும் யாரையும் கேட்கவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் அத்தைதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்காக நான் சேலத்திலிருந்து போயிருந்தேன். பெயர் வைக்கிற அன்று காலையில் அண்ணி கிணற்றுத் தொட்டியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “அம்மிணி, நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. கொளந்தைக்கு வேற எந்தப் பேரு வேண்ணாலும் வெய்யி. அந்தப் பேர எனக்கு உட்ரு சாமி. நீ மூணு தரம் சொல்லீட்டா அதுக்கு மேல உங்கண்ணனால ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், அலசிய துணியின் ஈரம் என் கையிலும் பட்டது. நான் “பாக்கலாம் நங்கை” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் மலர்ந்துபோனது. ஓடிப்போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மத்தியானம் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்தபடி இருந்தார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவின் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் மறுபடியும் யாராவது உரக்கக் கூப்பிட வேண்டும், அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. காலையில் அவள் கேட்டிருந்தும், அது அண்ணியின் பெயரும்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் தெரியும், ஆனால் மனதில் அவள் நெட்டச்சிதான். நான் வைத்த பெயரை நானே அப்படி நம்பியிருந்தேன். குனிந்து குழந்தையின் காதில் பாவாயி, பாவாயி என்று இரண்டு தரம் மெதுவாகச் சொன்னேன். மூன்றாவது தரம் அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். அப்பா கும்பிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து பந்திக்கு இலை போடப் போனாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

இதில் இன்னொரு கொடுமை இருந்ததை நான் சேலத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற மகளை அவள் “சாமி” என்றும் “கண்ணு” என்றும்தான் கூப்பிட்டாள். அவள் பெயரை மற்றவர்கள் அவளுக்குச் சொல்லக் கூடாது, அவளும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. சில வருடத்தில் மோகனூரில் அவள் அம்மாவும் காலமானாள். ஆடிக்குப் போவதும் நின்றது. வளர்ந்த பிறகு அண்ணன் மகளுக்கோ அந்தப் பெயரைக் கண்டாலே ஆகாது. “ஏனத்தை, வேற பேரே கெடைக்கலீங்களா உங்களுக்கு? பட்டிக்காட்டுப் பேருன்னு காலேஜ்ல சிரிக்கறாங்க” என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் அண்ணியை நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போயிருந்த நேரம் அவள் மகள் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். மருந்துச் சீட்டுகளோடு வந்த நர்ஸ் பெண், “நெட்டம்மா... இங்க நெட்டம்மா யாருங்க?” என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் பொறுத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் ரோஷம் வந்தது. “அது பேரில்ல கண்ணு, நான் சின்னப் புள்ளையில கேலிக்கு வெச்சது. அதை அடிச்சுட்டு நெசப் பேர எழுதிக்க” என்றேன். அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டு, “சரிங்க பாட்டி, சொல்லுங்க” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையைப் பிடித்தாள். “இருக்கறதே இருக்கட்டுங் கண்ணு, நீ போ” என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, தெரியாத்தனமாகப் பேசிவிட்ட சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்: “அது எம்பொண்ணு பேரு அம்மிணி. அதைப் போயி எனக்கு எழுதச் சொல்றியே.”