டர்னிப் விளக்கு எரிந்த மாலை

நாங்கள் வளைகுடாவில் அல் ஐனுக்குப் போன முதல் வருடம், ஆடி மாதத்தில், அப்பா திருச்சியில் இறந்துபோனார். தந்தி எங்கள் கைக்கு வந்தபோது தகனம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு எட்டாம் மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணிக் கடைசியில் மகள் பிறந்தாள். அப்பாவின் மூக்கு அவளுக்கு. அதைச் சொல்லிச் சிரிக்கவும் அழவும் அங்கே எனக்கு யாரும் இல்லை.

மகாளய அமாவாசை வந்தது. அப்பா படத்துக்கு முன்னால் ஒரு இலை போடலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் நல்லவர்தான். ஆனால் தயங்கினார்.

"ஊர்ல எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இந்த வீட்ல படையல் போட்டா அம்மா மனசு சங்கடப்படும்மா. அங்க உன் அண்ணன் செய்யறாருல்ல?"

அண்ணன் காவிரிக் கரையில் எல்லாம் முறையாகச் செய்தார். நான் அன்று வாழைக்காய் வறுவலும் சாம்பாரும் வைத்து, டியூட்டி முடிந்து வந்தவருக்குப் பரிமாறிவிட்டு, குழந்தைக்குத் துணி மடித்தேன்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். மருத்துவமனையில் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில், மருத்துவமனைக் குடியிருப்பில் இருந்தார். அயர்லாந்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல். டியூட்டி இல்லாத நாட்களில் குழந்தையைப் பார்க்க அவராகவே வருவார். அன்று தொட்டிலைக் குனிந்து பார்த்து, "இந்த மூக்கு யாருடையது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி, எட்டாம் மாதம், போடாத இலை.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வியாழக்கிழமை அக்டோபர் முப்பத்தொன்று. எங்கள் ஊரில் அன்று மாலை இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். என் மேஜையில் இடம் இருக்கிறது. உன் அப்பாவுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

கணவரிடம் சொன்னேன். "அடுத்தவங்க வீட்லதானே, போய்ட்டு வா" என்றார்.

அப்பாவுக்குப் பிடித்தது காபி. பாலேடு மிதந்தால் தொட மாட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியில் கடைசி இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது. டிகாஷன் இறக்கி, பாலை இரண்டு முறை வடிகட்டி, ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, டபரா டம்ளரோடும் குழந்தையோடும் போனேன்.

கதவு அகலத் திறந்திருந்தது. ஏசியை நிறுத்தியிருந்தார்கள். வாசற்படியில் ஒரு விளக்கு. டர்னிப் என்ற, உருண்டை முள்ளங்கி மாதிரியான கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்திருந்தார். சுருங்கிப்போன கிழவன் முகம் போல இருந்தது அது. சூட்டில் கிழங்கு வெந்து வாசலெல்லாம் ஒரு வாடை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"அமெரிக்காக்காரர்கள் இதற்குப் பூசணிக்காய் வாங்குகிறார்கள். பூசணியைச் சுலபமாக வெட்டலாம், அதனால்தான். எங்கள் ஊரில் இதுதான்" என்று நர்ஸ் தன் கையிலிருந்த வெட்டுக்காயத்தைக் காட்டினார்.

அந்த வீட்டில் அவரோடு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி தங்கியிருந்தாள். மருத்துவமனை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என்னைவிட இரண்டு வயது சின்னவள். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று என்னிடம் ஒட்டிக்கொண்டவள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் உலர்திராட்சை போட்ட ரொட்டியை அறுத்தபடி தன் ஊர்க் கதையைச் சொன்னார். பழைய காலத்தில் அவர்களுக்கு அன்றோடு கோடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்குமாம். மலையிலிருந்து மாடுகளை இறக்கிக்கொண்டு வருவார்களாம். அந்த ஒரு மாலையில் இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே தடுப்பு இருக்காது. அதனால் கதவைச் சாத்தாமல், அடுப்பை அணைக்காமல், நெருப்புப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுவைப்பார்கள். வேண்டாத ஆவிகள் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் முகமூடி. ஏழைகள் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்கிறோம்" என்று பண்டம் வாங்கிச் சாப்பிட்டார்களாம். "இப்போது பிள்ளைகள் மிட்டாய் மட்டும் கேட்கிறார்கள். ஜெபத்தை மறந்துவிட்டார்கள்" என்றார்.

பிறகு இறந்துபோன தன் கணவருக்கு ஒரு தட்டு வைத்தார். ரொட்டித் துண்டு, வெண்ணெய், ஒரு கோப்பை தேநீர். "அவர் கேட்பது விஸ்கி. இந்த ஊரில் இதுதான் என்று சமாளித்துக்கொள்ளட்டும்."

நான் டம்ளரில் காபியை ஊற்றி, ஆற்றி, நுரையோடு மேஜையின் மறுபக்கம் வைத்தேன். ஆவி எழுந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கியது. "அப்பா, குடிங்க" என்று வாய்விட்டே சொன்னேன். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நர்ஸ் இன்னொரு தட்டை எடுத்து யாழ்ப்பாணத்துப் பெண் பக்கம் நகர்த்தினார். அவளுடைய தம்பி ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சைக்கிளில் டியூஷனுக்குப் போனவன். சைக்கிள் ரோட்டோரத்தில் கிடந்தது, அவன் வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது நர்ஸுக்கும் தெரியும். நல்ல மனதோடுதான் நகர்த்தினார்.

அவள் தட்டைத் திரும்பத் தள்ளினாள். என்னிடம் தமிழில் சொன்னாள்:

"அக்கா, இது செத்தவைக்கு வைக்கிறதெல்லோ? அவன் செத்துப் போனான் எண்டு ஆர் சொன்னது? நான் வைக்க மாட்டன். வைச்சா நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி."

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. நர்ஸ் முகம் சிவந்து, தட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தப் போனார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கதவு திறந்தபடி இருக்கட்டும் எண்டு சொல்லுங்கோ அக்கா. உயிரோட வாறவனுக்கும் வாசல் வேணும்தானே."

சொன்னேன். நர்ஸ் அவளை அணைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் சலசலப்பு. எதிர்ச் சந்தின் உள்ளூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர். சில மாதங்களுக்கு முன்னால், ரமலானுக்கு முந்தின மாதத்தின் நடுவில், துணிப்பை தோளில் மாட்டிப் பாட்டுப் பாடி வீடு வீடாக மிட்டாய் வாங்கிப் போனவர்கள்தான். விளக்கையும் திறந்த கதவையும் பார்த்து, அந்த நாள் மறுபடி வந்துவிட்டதோ என்று நினைத்தார்களோ என்னவோ, அதே பாட்டைப் பாடினார்கள். நர்ஸ் ரொட்டியை மளமளவென்று அறுத்துக் கொடுத்தார். ரொட்டி தீர்ந்ததும், கடைசிப் பிள்ளையிடம் மாஃபி, இல்லை, என்று சொல்ல வாய் வராமல் ஆப்பிளைக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துப் பெண் அவர்களில் உயரமானவனின் தலையைத் தடவி, அவன் பையில் பாதாம் கொட்டைகளை நிரப்பினாள்.

மறு வருடம் அதே நாளில் அவர்கள் ஒன்பது பேராக வந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண் இரண்டு வருடத்தில் கனடாவுக்குப் போனாள். நர்ஸும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார். தம்பியைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. ஒரு கடிதத்தில் அவள் எழுதியிருந்தாள்: "இங்கையும் அக்டோபர் கடைசி நாளிலை பிள்ளையள் முகமூடியோடை கதவைத் தட்டுதுகள் அக்கா. ஒரு பெடியன், அவன்ரை உயரம். கழட்டு பாப்பம் எண்டு கேட்டிட்டன். வெள்ளைக்காரப் பெடியன். பயந்து போனான். பாவம், அவனுக்கு ரெண்டு மடங்கு சொக்லேட் குடுத்து அனுப்பினன்."

பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. என்ன எழுதினேன் என்று நினைவில்லை. மகள் பேசும் பேச்சைப் பற்றியும், அல் ஐனில் அந்த வருடம் பெய்த மழையைப் பற்றியும் எழுதியிருப்பேன்.