கம்பிகளுக்குக் கீழே ஒரு குடை

எதற்கும் பயந்து ஒதுங்கியே வாழ்ந்த ஒருவர், வாழ்க்கையின் ஆகப் பெரிய காரியத்தை மட்டும் பயம் நேரில் வந்து தொட்ட இடத்திலேயே செய்தார் என்றால், அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மருந்துக்கடைக்காரரின் மனைவியிடம் இந்தக் கேள்வி வெகுகாலம் இருந்தது. பதில் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். அவர் சொல்லவில்லை.

உறவுக்குள் மருந்துக்கடைக்காரருக்கு ‘எக்ஸ்பைரி’ என்று பெயர். வைத்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. விருந்துக்குப் போன வீட்டில், நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்த அன்று ஒட்டிக்கொண்டது. கடையில் அந்தக் குணம் குறையாகத் தெரியாது. எழுத்து மங்கிய மாத்திரை அட்டையை விற்க மாட்டார். எப்போது, எத்தனை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாங்கியவரையே திரும்பச் சொல்ல வைப்பார். மின்சாரம் போனால் இன்சுலின் குப்பிகளை ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பனைப் போல உலாத்துவார். வானம் பளிச்சென்று இருந்தாலும் கையில் குடை இருக்கும்.

இப்படிப்பட்டவர் வீடு பார்த்தால் எந்த வீடு தேறும்? ஒன்றில் படிக்கட்டு செங்குத்து. ஒன்றின் பக்கத்தில் பெட்ரோல் பங்க். இன்னொன்றில் சுவரில் மயிரிழை அளவு விரிசல். அதை அவர் தவிர யாரும் பார்க்கவில்லை. வருடங்கள் போயின. மனைவி வாடகை வீடுகளிலேயே தலை நரைத்தார். ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் சொன்னதால், மனைவியின் அப்பா படம் பீரோவின் மேல் சாய்ந்தே கிடந்தது. சொந்தச் சுவரில் ஒரு ஆணி. அவருடைய ஆசை சுருங்கிச் சுருங்கி அந்த அளவுக்கு வந்திருந்தது.

இந்த வீட்டை முதலில் பார்த்தவர் மனைவிதான். இரண்டு அறை, வெளிச்சம் விழும் சமையலறை, திறந்தால் சீறி வரும் குழாய். விலை கைக்கு எட்டியது. எட்டியதற்குக் காரணம் பின்னால் இருந்தது: புறக்கடை வேலிக்கு அப்பால் ஒரு வெட்டவெளி, அதன் நடுவே கால் அகட்டி நிற்கும் மின்கோபுரம், அதன் கைகளிலிருந்து உயர் அழுத்தக் கம்பிகள்.

“மாமாவை முன்வாசல் வழியாவே கூட்டிட்டு வா. பின்பக்கத்தைக் கடைசியில காட்டலாம்,” என்று தம்பியிடம் சொல்லி வைத்தார்.

“கடைசியில காட்டினா மட்டும் கம்பி கயிறாயிடுமாக்கா?”

“வாயை மூடிட்டு வாடா.”

மருந்துக்கடைக்காரர் வந்தார். சுவரைத் தட்டினார், தரையில் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தார். குறை அகப்படவில்லை. “நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருதுங்க, நான் ஒளிச்சுப் பேசல,” என்றார் கூட வந்த வீட்டுத் தரகர். அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்தது. பின்பக்கமிருந்து, சூடான தட்டில் நீர் தெளித்தாற்போல ஒரு சத்தம் தொடங்கியது, பிறகு நிற்கவில்லை.

“அது என்ன சத்தம்?”

அவரே பின்கதவைத் திறந்தார். குடையை விரித்தார். வேலியின் இடைவெளி வழியாக வெட்டவெளிக்குள் நடந்தார்.

குடை சாயாமல் இருக்க ஆள்காட்டி விரலைக் குடைக்கம்பியோடு ஒட்டிப் பிடிப்பது அவர் பழக்கம். அந்த விரலில் சுருக்கென்று கடித்தது. கையை உதறினார். மறுபடி பட்டது, மறுபடி கடித்தது.

“எறும்புக்கடி மாதிரிதான் சார், மேல ஓடுற கரண்ட் குடைக்கம்பியில லேசா இறங்கும். மடக்கிட்டா போதும்,” என்று தரகர் வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“போச்சு. எக்ஸ்பைரிக்கே ஷாக் குடுத்துட்டாங்க,” என்றான் தம்பி.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பீரோவின் மேல் இருக்கும் படத்தைத்தான் நினைத்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணவர் மூன்றாம் முறையாக விரலைக் கொண்டுபோனார். இந்த முறை அது தவறிப் படவில்லை. தயங்கி, மெதுவாக, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டார்.

பிறகு குடையை மடக்கி, நனைந்துகொண்டே அண்ணாந்து நின்றார்.

“மாமா, தலை நனையுது. அடுத்தது சளி, அதுக்கடுத்தது காய்ச்சல். நீங்க சொல்றதுதான்.”

கூட்டி வந்துவிடலாம் என்று மனைவி நடந்தார். பக்கத்தில் போனதும் அவரும் மேலே பார்த்தார். தட்டுகளை அடுக்கிக் கோத்தது போன்ற பீங்கான் சரங்கள். அவற்றிலிருந்து கம்பிகள் தாழ்ந்து, அடுத்த கோபுரத்துக்கு ஏறி, அதற்கும் அடுத்ததற்கு ஏறி, மழைக்குள் மங்கிப்போயின. முதல் முறை பார்த்தபோது அவை விலையைக் குறைக்கும் கம்பிகளாக மட்டுமே தெரிந்தன. இப்போது ஒரு நதியின் அடிவயிற்றுக்குக் கீழே நிற்பது போல இருந்தது. இத்தனை பெரியது, இத்தனை அருகே, தங்களைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் காதில் கேட்டதைவிட மார்பில் அதிகம் கேட்டது. பேச வந்ததை அவர் மறந்தார்.

“நம்ம கடை ஃபிரிட்ஜுக்கு வர்றது இதுதானா?” என்றார் கணவர். கண் கீழே இறங்கவில்லை.

“இதுவேதான்னு எப்படிச் சொல்றதுங்க? எங்கெங்கயோ சுத்தி வரும்.”

“ம்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு,” என்றார். கோவிலில் பேசும் தணிந்த குரல்.

மனைவி அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் திரும்பி, வீடு வேண்டாம் என்று தரகரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்தார். எத்தனையோ முறை சொன்னதுதான், வாய்க்குப் பாடம்.

கணவர் பின்னாலேயே உள்ளே வந்தார். பின்னறையின் மூலையில் குடையைச் சாய்த்து வைத்தார். விழாமல் நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடந்தார். தூறல் வலுத்திருந்தது.

“என்னங்க, குடை?” என்று மனைவி ஓடி வந்தார்.

“அங்கேயே இருக்கட்டும்.”

பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவரைப் போல, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மறுநாள் வரவேண்டிய பார்ட்டிக்கு, வர வேண்டாம் என்று தரகர் அங்கிருந்தே போன் செய்தார். வீடு கைக்கு வந்ததும் அப்பாவின் படம் சுவரேறியது. ஆணியை அடித்தவரும் கணவர்தான், கண்ணில் தூசி விழாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டு. ஏன் வாங்கினார் என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டார். ஆணி நேராக இருக்கிறதா, பார்த்துச் சொல் என்றார் அவர்.