நோன்புக் கஞ்சிக்கு மூன்று விலைமனு

மொத்தமாகச் சாமான் வாங்குவதென்றால் மூன்று கடைகளிடமாவது எழுத்தில் விலை கேட்க வேண்டும். பதில் முடிவுத் திகதிக்குள் வர வேண்டும். கையொப்பமில்லாத பதிலை ஏற்கக் கூடாது. வெளி மாவட்ட அரசாங்கக் கந்தோர்களில் என் உத்தியோக காலம் முழுதும் இந்த விதியைக் காத்தவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஓய்வுபெற்று மன்னார் மாவட்டத்தில் முசலிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியதும், காலமான பள்ளிவாசல் செயலாளரின் கதிரையில் என்னை இருத்தினார்கள். நோன்புக்கு இரண்டு கிழமை இருந்தது. கடலுக்கும் கூலிக்கும் போகிற பல குடும்பங்கள் பள்ளிக் கஞ்சியில்தான் நோன்பு திறக்கின்றன. ஆனால் அரிசி, பயறு, உள்ளி, வெந்தயம் எல்லாம் எங்கே வாங்கப்பட்டன என்பதற்குப் பழைய கோப்பில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஊழலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

ஊரிலுள்ள மூன்று கடைகளுக்கும் விலைமனுக் கடிதம் கொண்டுபோனேன். முதல் கடைக்காரர் வாசித்து, சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி தந்தார். இரண்டாமவர் முகம் வாடி, "நாங்கள் என்ன பிழை விட்டம், சேர்?" என்றார். விலை கேட்டதற்கு ஏன் இந்தக் கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாமவர், "அல்லாஹ் இருக்கிறான், பாப்பம்" என்றார். அதை எந்த நிரலில் பதிவது?

முடிவுத் திகதி கடந்தது. நினைவூட்டல் கடிதமும் கொடுத்தேன். மூவரும் சலாம் சொன்னார்கள், பதில் சொல்லவில்லை. கூட்டுச் சேர்ந்து விலையேற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

பிறை கண்ட பின்னேரம், கஞ்சி காய்ச்சுபவர் வந்து நின்றார்.

"சாமான் எங்க, சேர்?"

"கடைகளிலயிருந்து இன்னும் பதில் வரேல்ல."

"அப்ப நாளைக்கு உங்கட கடிதத்தையோ கிடாரத்தில போட்டுக் காய்ச்சுறது?"

"முந்தி ஆர் வாங்கித் தந்தது?"

"ஆர் கண்டது! முதல் நோன்பு சுபஹுக்கு வரேக்க கஞ்சி காய்ச்சுற குசினி வாசலில சாமான் இருக்கும். நான் செயலாளர்ட வேலையெண்டு நினைச்சனான்."

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கையில் பையோடுதான் போனேன். முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போய் அன்றைய கஞ்சிக்காவது ஏதும் வாங்கிவர எண்ணம். குசினி வாசலில் சாமான் அடுக்கியிருந்தது. அரிசி மூட்டையின் மேல் என் கடிதமே மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைப் பெயர் இருந்த மேல்பாகத்தைக் கிழித்திருந்தார்கள். விலை என்ற இடத்தில், "துஆ." பிரார்த்தனைதான் அவர்கள் கேட்ட விலை. அதற்குக் கீழே: "இது நோன்பில முதல் பத்து நாளைக்கு. மற்ற இரண்டு பத்துக்கும் ஆக்கள் இருக்கினம். ஆரெண்டு தேடவேண்டாம். வெளிய தெரிஞ்சா நன்மை போயிடும்."

மூன்று கடை, மூன்று பத்து. விலை எழுதினால் அது வியாபாரம். இலவசம் என்று எழுதினால் விளம்பரம். என் கடிதத்துக்கு அவர்கள் எந்தப் பதிலைத்தான் எழுதியிருக்க முடியும்?

எந்தப் பத்து எந்தக் கடையுடையது என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். விதிப்படி நிராகரிக்க வேண்டிய அந்தக் காகிதத்தை, அடுத்த செயலாளருக்காவது விளங்கட்டும் என்று, கோப்பின் முதல் தாளாகச் சேர்த்திருக்கிறேன். அதன் மூலையில் என் கையெழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: பதில் கிடைத்த திகதி, முதல் நோன்பு.