தங்கை உடம்பில் கண்ட நீலத் திட்டுகள்

ஜப்பான்காரன் ஆட்சியில் நாங்கள் சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் தங்கை செல்லம்மாவுக்கு முனியனோடு கல்யாணமாகி ஆறு மாதம்தான். ஒரு நாள் அவள் கையிலும் காலிலும் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

"அவரு அடிக்கலக்கா, தானா வருது," என்றாள்.

புருஷனுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் முன்னால் முனியனை வாய்க்கு வந்தபடி ஏசி, அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில காட்டணும்க்கா, அனுப்பி வைங்க," என்று முனியன் தினமும் வாசலில் வந்து கெஞ்சினார். நான் கதவைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் அவளுக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரத் தொடங்கி, நிற்கவே இல்லை. மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

உடம்பெங்கும் இருந்த சிவப்புப் புள்ளிகளை டாக்டர் பார்த்தார். "இது அடிச்ச காயம் இல்லம்மா. ரத்தத்துல வந்த நோய். நீலம் தெரிஞ்சப்பவே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க அப்போது அங்கே வசதியில்லை, மருந்தும் இல்லை. முனியன் தன் ரத்தத்தைக் கொடுத்தார். ஒரு நாள் அவள் முகம் தெளிந்தது. மறுநாள் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் யார் உடம்பில் அப்படி நீலம் கண்டாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போகிறேன். யார்மேல் தப்பு என்பதைப் பிறகு விசாரிக்கிறேன்.

முனியன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இன்றும் பார்த்தால், "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.