இரண்டாம் பாகம் வரும்வரை

எங்கள் லேபில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். பல் செட் செய்கிற இடத்தில் எல்லோருமே பல்லோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர் அவளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளுடைய பேச்சுத்தான் காரணம். பிளாஸ்டர் தாடைகளை முன்னால் வைத்துக்கொண்டு, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டபடி, "என்ன சார், இப்படிக் கோணிக்கிட்டா எப்படி? கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். உயிருள்ள மனிதர்களிடம் அவ்வளவு பேசமாட்டாள். நான் எதிர் மேஜைக்காரி. அவள் முடித்துத் தருவதை நான் பாலிஷ் போடுவேன்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் என் வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவருக்கு வீடியோ கேம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஜப்பானில் செய்த ஏதோ ஒரு விளையாட்டு. பேய்களையும் பூதங்களையும் வரவழைத்து, நம் பக்கம் சேர்த்துக்கொண்டு சண்டை போட வேண்டுமாம். முதல் பாகம் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இப்போது இரண்டாம் பாகம் வரப்போகிறது, அதற்கான விளம்பரம் அது. எனக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கொம்பு வைத்த ஒரு பெண் பேய் வாயைத் திறந்தபோது தெரிந்த பல்வரிசை அத்தனை லட்சணமாக இருந்தது.

"அக்கா, இங்க பாருங்களேன். நம்ம லேப்ல செஞ்ச செட் மாதிரியே இருக்கு" என்று போனை நீட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த மெழுகுக் கத்தி மேஜையில் விழுந்தது.

"ஐயோ, பெரியத்தை!"

உள்ளறையிலிருந்து முதலாளி தலையை நீட்டினார். "என்னாச்சு? பெரியத்தைக்கு என்ன? லீவு வேணும்னா எடுத்துக்கம்மா."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "ஒண்ணுமில்ல சார். தெரிஞ்சவங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய அப்பா டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். யாரோ சரிசெய்யக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத ஒரு கேம் பெட்டியை, இடத்தை அடைக்கிறது என்று கடைக்காரர் அவர் தலையில் கட்டிவிட்டார். உள்ளே கிடந்த ஒரே டிஸ்க் அந்த முதல் பாகம். அதில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. அக்காவுக்கும் தெரியாது, அவளுடைய தங்கைக்கும் தெரியாது.

அந்த விளையாட்டில் பேயைச் சும்மா அடித்துப் பிடிக்க முடியாது. பேச வேண்டும். பேய் எதையோ கேட்கும், கீழே மூன்று வரி பதில் வரும், ஒன்றை அமுக்க வேண்டும். மனசுக்குப் பிடித்தால் கூட வரும், பிறகு எப்போது அழைத்தாலும் வந்து நிற்கும். பிடிக்காவிட்டால் கடித்துக் குதறும். எழுத்து தெரியாத இருவரும் குத்துமதிப்பாக அமுக்கி அமுக்கி, நடுவரி ஐஸ் வைக்கிற வரி, கடைசி வரி வம்புக்கு இழுக்கிற வரி என்று ஒரு கணக்குக்கு வந்துவிட்டார்கள்.

பேய்கள் என்ன பேசுகின்றன என்பதைத் தங்கைதான் முடிவு செய்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். கொம்பு வைத்த மகராசி பெரியத்தை. "என்னடி இளைச்சுப் போயிட்டே, வீட்ல சோறு போடறதில்லையா?" என்று அவளுக்கு ஒரு கரகரத்த குரல். ஆந்தைத் தலையோடு வருகிறவர் டியூஷன் சார். ஒவ்வொரு வாசலிலும் கையை நீட்டிக்கொண்டு நீளமாகப் பேசுகிற ஒல்லி பூதம் வீட்டு ஓனர். "போன மாசமே சொன்னேன், இந்த மாசமாவது வாடகையைக் கொடுங்க." அவரைக் கண்டால் இருவரும் கடைசி வரியை அமுக்கிவிட்டு ஓடுவார்கள். ஒரே ஒரு தலையணையில் இரண்டு பேரும் சாய்ந்து, சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, மறுபடி விளையாடுவார்கள். ஆனால் கடைசிக் கதவு மட்டும் அவர்களுக்குத் திறக்கவே இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பெட்டி பழுதாகிற வரைக்கும் திறக்கவில்லை.

பிறகு வாயாடி நர்ஸ் படிப்பு முடித்து வெகுதூர தேசத்துக்கு வேலைக்குப் போனாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலை. அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. அம்மா போனபோது வந்தாள், காரியம் முடிந்ததும் பறந்துவிட்டாள். சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, இருமல் போச்சா, அங்க குளிரா, வாஷிங் மெஷின் சரியாச்சா. அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. "அந்த வாய்க்கு என்ன ஆச்சுன்னே தெரியலை" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளம்பர வீடியோவை அன்றே தங்கைக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா, கட்டைவிரலைக் காட்டிட்டா" என்று என்னிடம் காட்டினாள். அந்த வாரம் பூராவும் பிளாஸ்டர் தாடைகளோடுகூட அவள் பேசவில்லை. வீட்டில் அவள் கணவர், "ஏன் உம்முனு இருக்கே, பல் வலியா?" என்று கேட்டாராம். பல் லேபில் வேலை செய்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று அதற்கும் எரிந்து விழுந்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். இரண்டாம் பாகம் வருகிறதே என்று, முதல் பாகத்தின் கதையை யாரோ ஆதியோடந்தமாகத் தமிழில் விளக்கி வீடியோ போட்டிருப்பதாகச் சொல்லி, அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அக்காவும் நானும் ஒரே போனைப் பார்த்தோம். பெரியத்தை நாட்டை இழந்த ஒரு ராணி. டியூஷன் சார் திருடன். அக்கா ஒவ்வொன்றுக்கும் "அடப்பாவி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வீட்டு ஓனர் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் எதையும் கேட்கவே இல்லை. கடைசிக் கதவின் சாவியை வைத்துக்கொண்டு, "இது உங்களுடையது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவள் தங்கைக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னமோ ஆகிவிட்டது என்றுதான் அந்தப் பக்கம் எடுத்திருக்கிறாள்.

"அக்கா, என்ன? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி, உனக்கு ஒரு விஷயம். வீட்டு ஓனர் வாடகை கேக்கலைடி."

"எந்த வீட்டு ஓனர்?"

"ஒல்லியா, கையை நீட்டிக்கிட்டு..."

அக்கா முழுக்கச் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால், கதவோரம் நின்ற எனக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. மூச்சு முட்ட முட்ட ஒரு சிரிப்பு.

"அப்போ சாவியைக் கொடுக்க வந்த மனுஷனை நாம தெருத்தெருவா ஓட விட்டிருக்கோமா?"

"நீதான்டி வாடகைன்னு சொன்னே!"

"நீதான் கடைசி வரியை அமுக்கினே!"

சிரிப்பு ஓய்ந்ததும் அக்கா கேட்டுவிட்டாள். "அந்த வீடியோ அனுப்பினேனே, கட்டைவிரலைக் காட்டினியே."

"நான் அதை முழுசா பாக்கலைக்கா. பெரியத்தை வந்ததும் நிறுத்திட்டேன். துணி மடிக்கிற ரூம்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். என்னால எழுத முடியலை. அதான் எதையோ அமுக்கினேன்."

"பைத்தியம்."

"ரெண்டாம் பாகம் வர்றப்போ நான் லீவு போட்டு வர்றேன். சேர்ந்து விளையாடலாம். நிஜமா."

அந்த "நிஜமா"வைப் பிடித்துக்கொண்டு அக்கா உயிர் வாழ்ந்தாள் என்றே சொல்லலாம். வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தாள். தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளினாள். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாள், வெளிச்சம் டிவியில் அடிக்கக் கூடாதாம். கணவர் அந்தத் தையல் மெஷினில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம், "உன் தங்கச்சி வர்றதுக்குள்ள என் முட்டி போயிடும்" என்பார். எந்தப் பெட்டி வாங்க வேண்டும், அதில் எந்த ஒயரை எங்கே சொருக வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் போனில் பாடம் கேட்டாள். தாடைகளிடமும் பேச்சு திரும்பி வந்தது. "சீக்கிரம் ஆகட்டும் சார், எங்க வீட்டுக்கு ஆள் வருது" என்று ஒரு மேல் செட்டிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகள் நீண்டன. ஆனால் நாள் நெருங்க நெருங்க, தங்கையின் பேச்சில் வேறு ஒன்றும் நுழைந்தது. இல்லத்தில் ஆள் குறைவு. குழந்தைக்குப் பரீட்சை. அவள் வீட்டுக்காரருக்கும் லீவு கிடைக்க வேண்டும். "வர்றேன்" என்பது "வரப் பாக்கறேன்" ஆனது, பிறகு "பாக்கலாங்கா" ஆனது. அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை. திரைக்கு இன்னும் கொஞ்சம் வளையம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செய்தி கொண்டுவந்தார். இரண்டாம் பாகம் இப்போதைக்கு வராது, தள்ளி வைத்துவிட்டார்களாம். எப்போது என்றும் சொல்லவில்லை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு, மென்று விழுங்கிச் சொன்னேன்.

அக்கா ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"அப்பாடா" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவள் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை அழுத்தியபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அது வந்துட்டா, அவ வரலைங்கறதும் தெரிஞ்சுடும்ல. இப்போ அதுவே வரலை, அதனால அவளும் இன்னும் வரலை. அவ்வளவுதானே. மெதுவா வரட்டும்."

மெஷினை மறுபடி போட்டேன்.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, அவள் தங்கையைக் கூப்பிட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது பேச்சு முடிகிற தறுவாயில் இருந்தது. "நல்லதாப் போச்சுக்கா, நிதானமா லீவு கேக்கலாம்" என்றது போன். "ஆமாடி, என்ன அவசரம்" என்றாள் இவள். இரண்டு குரலிலும் ஒரே பொய். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. வழக்கமாக "சரி, வெச்சுடறேன்" என்று வருகிற இடம் அது. அன்றைக்கு இருவருமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. யாரோ ஒரு முதியவர் அவளை அந்த ஊர்ப் பாஷையில் கூப்பிட்டார். அவளும் அந்தப் பாஷையிலேயே ஏதோ நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டு தூரப் போனாள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.